இலையும் நோற்கும் விரதம்

இவ்வாண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, வழக்கம்போல் தல வரலாறு ஒன்றையோ திருவிழாச் சிறப்பையோ எழுதலாம் என்றே எண்ணினேன். அதற்குள் ஒரு மாலை வேளையில், கோயில் வில்வ மரத்தடியில் ஓர் இளம் தாயார் என்னை நிறுத்தி, "சார், இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுதே, மரத்துக்கு ஏதாவது ஆயிடுச்சா? சாமி குத்தமா இருக்குமோ?" என்று கவலையோடு கேட்டார்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. 2014-ஆம் ஆண்டில் இதே கேள்வி எங்கள் செயற்குழுவையே இரண்டாகப் பிரித்தது. அன்று நான் கற்றுக்கொண்டதை இதுவரை எழுதி வைக்காமல் இருந்தது என் சோம்பலே. பல ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவன் என்ற முறையிலும், அந்த மரத்துக்கு ஒரு தவறு இழைத்தவன் என்ற முறையிலும், இதை அன்பர்கள் முன் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மழையில்லாத சிவராத்திரி

சிங்கப்பூரில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதை நாம் அறிவோம். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது. சென்னையில் அது ஏறத்தாழ 1,400 தான். அப்படிப்பட்ட ஊரில், 2014 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாட்கள் மழை என்று சொல்லும்படியாக எதுவும் இல்லை. தொடர்ந்து 15 நாட்களுக்கு, நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை இருந்தால் அதை வறண்ட காலகட்டம் என்று வானிலை ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். அந்தப் பிப்ரவரி முழுவதும் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மழை 0.2 மில்லிமீட்டர் மட்டுமே. 1869-இல் மழைப் பதிவுகள் தொடங்கிய பிறகு அவ்வளவு வறண்ட மாதத்தைத் தீவு கண்டதில்லை என்று அப்போது அறிவித்தார்கள்.

அவ்வாண்டு தைப்பூசம் ஜனவரி 17-இல் வந்தது. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி சுமந்து நடந்த அன்பர்களுக்கு, மழையில் நனையாமல் போக முடிந்ததில் மகிழ்ச்சி. "முருகன் வெயிலாக் கொடுத்தான்" என்று சிலர் சொல்லவும் கேட்டேன். அதற்குப் பின்னும் வானம் திறக்காதபோதுதான் மனத்தில் பயம் எழுந்தது. திடல்களின் புல் வைக்கோல் நிறமாயிற்று. சாலையோர மரங்கள் இலைகளைக் கொட்டின. மகா சிவராத்திரி பிப்ரவரி 27-இல். அதற்குப் பத்து நாட்கள் இருக்கும்போது எங்கள் கோயில் வில்வ மரம் பாதிக்கு மேல் மொட்டையாகி நின்றது.

சிவராத்திரிக்கு வில்வம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்கு கால அர்ச்சனைக்கும் எங்கள் மரத்து இலையையே பறிப்பது வழக்கம். செயற்குழு கூடியது. ஒருவர், "இது தெய்வக் குற்றம், பரிகாரம் செய்ய வேண்டும்" என்றார். மற்றொருவர், "மரம் பட்டுப்போய்விட்டது, வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைப்போம்" என்றார். மூன்றாமவர், "இருக்கும் இலைகளையாவது சிவராத்திரிக்கு முழுவதும் பறித்துவிடுவோம், எப்படியும் விழத்தானே போகிறது" என்றார். பிறகு எல்லாரும் என் பக்கம் திரும்பி, "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க" என்றார்கள். அன்றிரவு வீட்டுக்குப் போய் என் பழைய பாடக்குறிப்புகளையும் வேறு சில புத்தகங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இலையின் வாய்கள்

ஓர் இலையை நாம் பச்சை நிறத் தகடு என்றே பார்க்கிறோம். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால் அதன் அடிப்புறத்தில் நுண்ணிய வாய்கள் தெரியும். இலைத்துளைகள் என்று அவற்றைச் சொல்வார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில், அதாவது ஒரு கடுகை வைத்தால் மறைந்துவிடும் இடத்தில், நூறு முதல் சில நூறு வரை துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளைக்கும் இரு பக்கமும் அவரை விதை வடிவில் இரண்டு காப்பு உயிரணுக்கள், வாயின் இரண்டு உதடுகளைப் போல அமைந்துள்ளன. அவற்றுக்குள் பொட்டாசியம் உப்பு சேரும்போது நீரும் உட்புகுந்து அவை உப்புகின்றன, உப்பினால் வளைகின்றன, வளைந்தால் வாய் திறக்கிறது. நீர் வெளியேறித் துவண்டால் வாய் மூடிக்கொள்கிறது.

இந்த வாய் திறப்பது எதற்காக? உணவுக்காக. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்து, சூரிய ஒளியின் துணையோடு, பச்சையத்தின் உதவியால் இலை சர்க்கரை சமைக்கிறது. காற்றில் கரியமில வாயு இருப்பதோ பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு. அவ்வளவு குறைவாக இருப்பதைப் பிடிக்க வாயை அகலத் திறந்து வைத்திருக்க வேண்டும். அப்படித் திறந்திருக்கும்போது இலைக்குள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போய்விடுகிறது. கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் நீரின் மூலக்கூறுகள் சில நூறு வெளியேறிவிடும். வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் இப்படி ஆவியாகவே போகிறது. இதற்கு நீராவிப்போக்கு என்று பெயர்.

இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட நான் செய்தது மிக எளிது. பள்ளித் தோட்டத்துச் செடியின் ஒரு கிளையைக் காய்ந்த பிளாஸ்டிக் பையால் மூடி, வாயை நூலால் கட்டிவிட்டு, இடைவேளை முடிந்து வந்து பார்க்கச் சொல்வேன். பையின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். "சார், செடிக்கு வேர்க்குது!" என்று கத்துவார்கள். வேர்ப்பதால் நம் உடல் குளிர்வதுபோல இலையும் குளிர்கிறது. அரச மரத்தடியில் உட்கார்ந்தால் கூரை நிழலைவிடக் குளுமையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், சூரியகாந்திச் செடியைத் தொட்டியோடு நிறுத்து நிறுத்துப் பார்த்து, அது நாள்தோறும் இழக்கும் நீரை அளந்தார். அதை அவர் நூலாக வெளியிட்டது 1727-இல்.

பம்பு இல்லாமல் ஏறும் நீர்

நாம் குடியிருக்கும் வீவக அடுக்குமாடிகளின் மேல்தளங்களுக்கு நீர் ஏற, கீழே மோட்டார் ஓட வேண்டும். மரத்துக்கு மோட்டார் கிடையாது. நம்மைப்போல் இதயமும் கிடையாது. மேலிருந்து காற்றை உறிஞ்சி நீரை இழுக்கும் சாதாரணப் பம்பினால் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் நீரை உயர்த்த இயலாது. அது மூன்று மாடி உயரம். ஆனால் நமக்கு அருகிலுள்ள சபாவின் காட்டில் 100.8 மீட்டர் உயரமுள்ள மெரந்தி மரம் ஒன்று அளக்கப்பட்டதாக 2019-இல் அறிவித்தார்கள். முப்பது மாடிக்கும் மேற்பட்ட உயரம்! அதன் உச்சி இலைக்கும் நீர் போய்ச் சேர்கிறது.

இந்தப் புதிருக்கு நம் நாட்டுப் பெருமகனார் ஜகதீச சந்திர போஸ் ஒரு விடை சொன்னார். தண்டுக்குள் இருக்கும் உயிரணுக்கள் துடித்துத் துடித்து நீரை மேலே தள்ளுகின்றன என்று 1923-இல் வெளியான தம் நூலில் எழுதினார். தாவரங்களின் உணர்வைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சிகள் உலகையே வியக்க வைத்தவை. எனினும் இந்த ஒரு கருத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. அயர்லாந்தைச் சேர்ந்த டிக்சன், ஜோலி என்ற இருவர் 1894-இல் சொன்ன விடையே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அது இதுதான். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையவை. வேரிலிருந்து இலை வரை மயிரிழையினும் மெல்லிய குழாய்கள் செல்கின்றன. சைலம் என்பது அவற்றின் பெயர். அக்குழாய்களில் நீர் ஒரே சரடாக நிற்கிறது. உச்சியில் இலையின் வாய் வழியே ஒரு துளி ஆவியானால், அது விட்ட இடத்தை நிரப்ப அடுத்தது மேலே வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு அதற்கடுத்தது வருகிறது. திருவிழாவில் தேர்வடத்தின் முன்பகுதியை இழுத்தால் தேரே அசைவதுபோல், இலை இழுக்கிறது, வேரடி நீர் எழுகிறது. இழுக்கும் ஆற்றலைத் தருவது சூரியன். வேர் நீரைத் தள்ளி அனுப்புகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் மரத்தின் நீர் வேலையில் பெரும்பங்கு இலையுடையது.

தாகமா, பசியா?

மண் காய்ந்துவிட்டால் என்ன ஆகும்? மேலே சூரியன் இழுப்பதை நிறுத்துவதில்லை. கீழே மண் நீரை விட மறுக்கிறது. இடையில் நீர்ச்சரடு வடக்கயிறுபோல் முறுக்கேறுகிறது. அளவுக்கு மீறினால் சரடு அறுந்து, குழாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்துவிடும். அந்தக் குழாய் அதன்பின் நீர் ஏற்றாது. இப்படி அறுவதை நுண்கருவி வைத்துக் கேட்டால் 'டிக், டிக்' என்று சத்தம் வரும் என ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பல குழாய்கள் இவ்வாறு அடைபட்டால் கிளை பட்டுப்போகும். எல்லாம் அடைபட்டால் மரமே போய்விடும்.

அந்நிலை வராமல் காக்க மரம் முதலில் செய்வது வாயை மூடிக்கொள்வது. நீர் குறைந்தவுடன் அப்சிசிக் அமிலம் என்ற ஒரு பொருள் செடிக்குள் உண்டாகிறது. அது காப்பு உயிரணுக்களை அடைந்ததும் அவற்றிலுள்ள உப்பும் நீரும் வெளியேறுகின்றன. உதடுகள் துவண்டு வாய் மூடுகிறது. நீர் மிச்சமாகிறது. ஆனால் அதே வாயினால்தானே உணவும் வர வேண்டும்? மூடிய வாய் உண்ணாது. தாகத்தைத் தவிர்க்க இலை பசியை ஏற்றுக்கொள்கிறது.

இந்த இடத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சிவராத்திரிக்கு நாம் விரதம் இருக்கப்போகிறோம். நம் வில்வம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று தோன்றியது. நாம் ஒரு நாள் இருப்போம். அது மழை வரும்வரை இருக்கும்.

உதிர்வது சாவு அன்று

விரதம் நீண்டால் சேமிப்புக் கரைந்துகொண்டே போகும். வாய் மூடியிருந்தாலும் இலையின் தோல் வழியே சிறிது ஈரம் கசியத்தான் செய்கிறது. அப்போது மரம் அடுத்த படிக்குப் போகிறது. இலையிலுள்ள தழைச்சத்து முதலிய நல்ல பொருள்களை முடிந்தவரை கிளைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பச்சையம் சிதைவதால் மஞ்சள் நிறம் வெளித்தெரிகிறது. இலைக்காம்பின் அடியில் மெல்லிய ஓர் அடுக்கு உருவாகி, காம்பு அந்த இடத்தில் தானே கழன்றுகொள்கிறது. கிளையில் காயம் இல்லை. தழும்பு மூடியே இருக்கும். புயலில் பிய்ந்த இலைக்கும் மரம் தானே விட்ட இலைக்கும் உள்ள வேறுபாடு இது.

வில்வம் இந்தியாவின் வறண்ட காடுகளுக்கு உரிய மரம். அங்கே ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் இலை உதிர்த்துப் பின் தளிர்ப்பது அதன் இயல்பு. சிங்கப்பூரின் ஓயாத மழையில் அந்த இயல்பைக் காட்ட அதற்கு வாய்ப்புக் குறைவு. எனவே நாமும் அதை மறந்துவிட்டோம். 2014-இல் நாங்கள் தெய்வக் குற்றம் என்று பயந்தது, மரம் தன் பாட்டன் காலத்துப் பழக்கத்தை நினைவுகூர்ந்த செயல்தான்.

மறுநாள் காலை மரத்தடிக்குப் போய், ஒரு சிறு கொம்பின் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தது. இன்னும் சில கொம்புகளையும் பார்த்தேன். தெற்குப் பக்கத்துக் கிளை ஒன்று மட்டும் உள்ளும் காய்ந்திருந்தது. மற்றவை உயிரோடிருந்தன.

நான் செய்த பிழை

நிமிர்ந்தபோது என் கண்ணில் பட்டது தரை. அதற்கு முன் எங்கள் கோயிலில் நடந்த திருப்பணியில், மரத்தடி மண்தரை மழைக்காலத்தில் சேறாகிப் பெரியவர்கள் வழுக்குகிறார்கள் என்று கூறி, அடிமரம் வரை கருங்கல் பதிக்கலாம் என முன்மொழிந்தவன் நான்தான். வயது முதிர்ந்த ஓர் அம்மையார் தம் காலஞ்சென்ற கணவரின் நினைவாக அதற்கு நன்கொடை அளித்தார். கல்லில் பெயரும் பொறித்தோம். தரை அழகாக இருந்தது. ஆனால் பெய்த மழையெல்லாம் கல்மேல் ஓடிக் கால்வாய்க்குப் போயிற்று. வேருக்குச் சேர்ந்தது கொஞ்சமே. வேருக்கும் மூச்சுண்டு, மண்ணின் இடுக்குகளில் காற்று இருந்தால்தான் அது உயிர் வாழும். கல் அதையும் அடைத்தது. இலை ஏன் உதிர்கிறது என்று வகுப்பில் பாடம் நடத்தியவன், கண்முன் இருந்த மரத்தின் வாயைத் தானே பொத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் கண்டேன். கல்லின் நடுவே அடிமரத்தைச் சுற்றி விட்டிருந்த சிறு வளையத்தில், பக்தியின் மிகுதியால் அன்பர்கள் பாலும் பஞ்சாமிர்தமும் மஞ்சள் நீரும் ஊற்றியிருந்தார்கள். மரம் வாடுவதைக் கண்டு இன்னும் அதிகமாக ஊற்றினார்கள். உப்பும் சர்க்கரையும் கரைந்த நீர் மண்ணில் மிகுந்தால் வேரினால் அதை உறிஞ்ச முடியாது. மாறாக வேரிலிருக்கும் நீரையே மண் இழுத்துக்கொள்ளும். மாங்காயில் உப்பிட்டால் நீர் விடுவதை நாம் சமையலறையில் பார்க்கிறோம் அல்லவா? அதே செயல்தான். பாலோ மண்ணில் புளித்து, வேருக்கு வேண்டிய காற்றைப் பறித்துக்கொள்ளும். தாகத்தால் தவிக்கும் ஒருவருக்கு நாம் அன்போடு உப்புநீரைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே செயற்குழுவில் எல்லாவற்றையும் சொன்னேன். "கல்லைப் பெயர்க்க வேண்டும்" என்றதும் அமைதி நிலவியது. நன்கொடையாளர் மனம் நோகுமே என்பதே எல்லாருடைய தயக்கமும். "நான் முன்மொழிந்தது, நானே போய்ச் சொல்கிறேன்" என்று அந்த அம்மையாரின் வீட்டுக்குச் சென்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் இலைத்துளை, வேர், காற்று என்று பாடமே நடத்திவிட்டேன். பொறுமையாகக் கேட்ட அவர், "வாத்தியாரே, நான் சாமிக்குக் குடுத்தேனா, கல்லுக்குக் குடுத்தேனா? மரம் மூச்சு விடணும்னா எடுத்துடுங்க. அவர் பேரை அந்தச் செவுத்துல வச்சிடுங்க, போதும்" என்றார். படியிறங்கும்போது என் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த வாரமே அடிமரத்தைச் சுற்றி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் கற்களைப் பெயர்த்து, வேரைக் காயப்படுத்தாமல் மண்ணைக் கையால் இளக்கி, காய்ந்த இலைகளையே மூடாக்காகப் பரப்பினோம். வெயில் ஏறுமுன் அதிகாலையில் நல்ல நீர் மட்டும் மெதுவாக ஊற்றினோம்.

சிவராத்திரி அர்ச்சனைக்கு வில்வம்? மரத்திலிருந்து ஓர் இலையும் பறிப்பதில்லை என்று முடிவாயிற்று. லிட்டில் இந்தியாப் பூக்கடைகளில் கிடைத்ததை வாங்கினோம். அது போதுமா என்ற கவலைக்கு எங்கள் குருக்கள் விடை சொன்னார். "வில்வத்துக்கு நிர்மால்ய தோஷம் கிடையாது. ஒருமுறை சாத்தியதைச் சுத்த ஜலத்தில் அலம்பித் திரும்பவும் சாத்தலாம். பெரியவா அப்படித்தான் வச்சிருக்கா" என்றார். வறட்சிக் காலத்தில் உதிரும் ஒரு மரத்தின் இலையைப் பூஜைக்கு வைத்த முன்னோர், அந்த மரத்தை வருத்தாமலிருக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்றே நான் அதைப் புரிந்துகொண்டேன்.

மார்ச் நடுவில் மழை திரும்பியது. அடுத்த சில வாரங்களில் வில்வம் முழுவதும் செந்தளிர் விட்டது. காய்ந்த கிளை ஒன்றை மட்டும் வெட்ட நேர்ந்தது. மரம் பிழைத்தது நாங்கள் செய்த செயலால்தான் என்று நான் சொல்லமாட்டேன். அது தன் விரதத்தைத் தானே முடித்துக்கொண்டது. நாங்கள் இடையூறு செய்வதை நிறுத்தினோம், அவ்வளவே.

ஒவ்வோர் இலைக்கும் ஒரு வழி

அதன் பிறகு எந்த இலையைப் பார்த்தாலும் அது வறட்சியை எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அன்பர்களும் பார்த்து மகிழலாம்.

நம் வீட்டுத் துளசி மென்மையானது. நீர் குறைந்தால் உடனே தலை கவிழும். நீர் கிடைத்தால் சில மணி நேரத்தில் நிமிரும். வாழையிலை உச்சிவெயிலில் நடுநரம்பின் இரு பக்கமும் கீழே மடிந்து, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்ளும். மாரியம்மனுக்கு உகந்த வேம்பு வேரை ஆழமாக விட்டு, மற்ற மரங்களுக்கு எட்டாத ஈரத்தைத் தேடிக்கொள்ளும். மாரி என்றாலே மழை. மழையின் தாய்க்கு வறட்சியைத் தாங்கும் மரத்தை உரியதாக்கியது எவ்வளவு பொருத்தம்!

திருஷ்டிக்காக வாசலில் கட்டும் கற்றாழை எல்லாரிலும் கெட்டிக்காரி. மற்ற செடிகள் பகலில் வாய் திறக்க, இது இரவின் குளுமையில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொண்டு, பகலில் வாயை மூடியபடி சமைக்கும். அன்னாசியும் அப்படியே. 1981-இல் நம் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டின் இலையைப் பாருங்கள். தட்டையாக இராமல் பென்சில்போல் உருண்டிருக்கும். வெயிலுக்கும் காற்றுக்கும் காட்டும் பரப்பு அதனால் குறைகிறது.

சாலையோரத் தூங்குமூஞ்சி மரம் மாலையானால் இலைகளைக் கூப்பிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதை 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம், ஒரு நியமம்.

1963-ஐ மறக்கலாகாது

என் சிறுவயதில், 1963 ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு 1964-இன் தொடக்கம் வரை நீடித்தது. வீட்டில் வாளி, குடம், சட்டி என்று இருப்பதையெல்லாம் அம்மா வரிசையாக நிரப்பி வைத்தது மங்கலாக நினைவிருக்கிறது. அதே ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸ் என்னும் இடத்தில் ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு, மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். குடிக்கவே அளந்து கொடுத்த ஆண்டில் மரம் நட்டிருக்கிறார்கள். 2014-இல் வறட்சி அதனினும் கடுமையாக வந்தும் நம் குழாய்கள் நிற்கவில்லை. 2003-இல் அறிமுகமான புதுநீரும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் கைகொடுத்தன. குழாயைத் திறந்தால் நீர் வரும் வசதி நமக்கு வந்துவிட்டது. மரத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் குழாய் அதன் இலையிலேயே இருக்கிறது. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்ததன் பொருளை மரங்கள் நம்மைவிட நன்கு அறியும்.

அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்

கோயில் மரத்தடியில் பால், தேன், மஞ்சள், உப்பு ஆகியவற்றை ஊற்ற வேண்டாம். அபிஷேகம் சுவாமிக்கு ஆகட்டும். மரத்துக்கு நல்ல நீரே அபிஷேகம்.

மழை குறைந்த நாட்களில் வில்வமோ துளசியோ வேம்போ பறிக்க வேண்டியிருந்தால் தேவைக்கு மட்டும் பறியுங்கள். கிளையை ஒடிக்காதீர்கள். பட்டினி கிடக்கும் மரத்துக்கு மிஞ்சியிருக்கும் இலையே அதன் அடுப்பு.

வேண்டுதல் கயிறு கட்டுவோர் இறுகக் கட்ட வேண்டாம். மரம் பருக்கும்போது அக்கயிறு பட்டைக்குள் புதைந்து, இலை சமைத்த உணவு வேருக்கு இறங்கும் வழியை நெரித்துவிடும்.

வீட்டுத் தாழ்வாரத்தில் துளசி வளர்ப்போர், அது வாடியதும் நீரைக் கொட்டிவிடாமல் மண்ணில் ஒரு விரல் ஆழம் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் நீர் விடுங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் வேர் அழுகுகிறது என்று பொருள். அப்போது நீர் விடுவது கேடு. தொட்டியின் கீழ்த்தட்டில் நீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது வீடாகிவிடும்.

இலை உதிர்ந்த மரத்தைக் கண்டவுடன் செத்தது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். பட்டையைச் சற்றே கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் பொறுத்திருங்கள்.

திருப்பணிக்கு நன்கொடை தரும் புரவலர்களுக்கும் ஒரு சொல். மரத்தடியில் மண்ணாகவே விட்டுவைக்கும் இடமும் திருப்பணிதான். அதில் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் ஆண்டுதோறும் தளிர் வரும்.

அந்த இளம் தாயாருக்கு அன்று மாலை இவ்வளவும் சொல்ல நேரமில்லை. அவருடைய சிறு மகனைத் தூக்கி, ஒரு கொம்பைக் கீறிக் காட்டினேன். "உள்ளே பச்சையா இருக்கு, அம்மா!" என்றான் அவன். அந்தக் கல் வளையத்துக்கு அப்பால், சுவரில், ஒரு பெரியவரின் பெயர் இன்றும் இருக்கிறது. அந்த அம்மையார் இப்போது நம்மிடையே இல்லை. அவர் மூச்சுவிட இடம் கொடுத்த மரத்தின் இலையை இவ்வாண்டும் சிவபெருமான் திருமுடியில் சாத்துவோம்.

மண்ணும் மழையும் மரமும் மக்களும் நலமுற எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.